ஓராங் ஊத்தானின் பஞ்ச காலம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இதழில் வந்த சபா சுற்றுலாக் கட்டுரை, ஓராங் ஊத்தான் என்னும் மனிதக் குரங்கைத் 'தூங்கி வழியும் சோம்பேறி' என்கிறது. நானும் பேரப்பிள்ளைகளோடு செப்பிலோக் போயிருக்கிறேன். காலை பத்து மணிக்கு மேடையில் பழத்தைக் கொட்டுகிறார்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக வந்து இறங்குகின்றன. பார்ப்பவருக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் அது தாயை இழந்த குட்டிகளை வளர்த்துக் காட்டுக்குப் பழக்கும் இடம். காட்டுக்குள் வேளாவேளைக்கு யார் பழம் போடுவார்கள்?

சபாவும் அடங்கிய போர்னியோ தீவின் காட்டில் மெராந்தி வகை மரங்களும் கூடவே பல பழமரங்களும் சொல்லிவைத்ததுபோல் ஒரே சமயத்தில் காய்த்துத் தள்ளும். அடுத்த முறை இரண்டு வருடத்திலும் வரலாம், பத்து வருடமும் ஆகலாம். நம் டுரியானைப்போல் மாதத்தைப் பார்த்துக் காத்திருக்க முடியாது.

அதே தீவின் இந்தோனேசியப் பக்கம், மேற்குக் கலிமந்தானின் குனுங் பாலுங் காட்டில் செரில் நாட் என்ற ஆய்வாளர் 1990களில் இதை அளந்தார். பழம் குவிந்த மாதத்தில் ஒரு பெண் ஓராங் ஊத்தானுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 7,400 கலோரி கிடைத்தது. பஞ்ச மாதத்தில் அது 1,800க்கும் கீழே போய்விட்டது. மரத்தடியில் பிளாஸ்டிக் தாளை ஏந்தி நின்று, மேலிருந்து விழும் சிறுநீரைப் பிடித்துச் சோதித்தார்கள். முகம் சுளிக்க வேண்டாம். கிளினிக்கில் நமக்குச் சோதிக்கும் அதே மாதிரிப் பட்டைதான். பஞ்ச காலத்துச் சிறுநீரில் கீட்டோன் தெரிந்தது. அதாவது, நல்ல நாளில் தின்று சேர்த்த கொழுப்பை எரித்து உடம்பு ஓடிக்கொண்டிருந்தது.

நடுக்கலிமந்தானின் துவானான் காட்டில் எரின் வோகல் குழுவினர் பல வருடங்களாகக் கவனித்து 2025இல் வெளியிட்டதும் இதோடு ஒத்துப்போகிறது. பழம் குறைந்தால் இவை அலைச்சலைக் குறைக்கின்றன, சீக்கிரமே கூட்டுக்குப் போய்ப் படுத்துவிடுகின்றன, மற்றவற்றோடு சேர்வதையும் குறைத்துக்கொள்கின்றன. இலையையும் மரப்பட்டையின் உட்தோலையும் தின்று புரதத்தை மட்டும் ஓரளவு விடாமல் பார்த்துக்கொள்கின்றன. அப்படியும் போதாதபோது தசையிலிருந்தே எடுக்க நேர்கிறது. கட்டுரையாளர் சோம்பல் என்று சொன்னது இந்தச் சிக்கனத்தைத்தான். ஒரு பிரசவத்துக்கும் அடுத்ததற்கும் ஏழெட்டு வருட இடைவெளி விடும் உயிர் வேறு எப்படிப் பிழைக்கும்?

சப்பான்காரன் காலத்தில் எங்கள் பாட்டி தோட்டத்து லயத்தில் மரவள்ளிக்கிழங்கை வைத்தே ஆறு பிள்ளைகளைக் காப்பாற்றினார். அரிசி வந்ததும் கிழங்கைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் கிழங்கு இல்லாதிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கமாட்டேன்.

சரி, இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் காட்டை விட்டுவைத்தாலே போதும் என்று கட்டுரை முடிந்திருந்தது. மரமெல்லாம் காய்த்துக் குலுங்கும் வருடத்தில் எந்தத் துண்டும் போதும்போலத்தான் தெரியும். காய்ப்பு நின்ற பிறகு அந்த ஐந்தாறு மரங்களின் பட்டையையும் இலையையும் வைத்து எத்தனை மாதம் ஓட்டுவது? அப்போது கைகொடுப்பவற்றில் முக்கியமானது அத்தி. நம் ஆல், அரசுக்கு உறவு. ஒரு மரம் ஓய்ந்தால் இன்னொன்று காய்க்கும், ஆனால் அந்த இன்னொன்று எங்கோ தள்ளி நிற்கும். அதன் கட்டை பலகைக்கு ஆகாது என்பதால் மரக் கணக்கில் அதை யாரும் சேர்ப்பதும் இல்லை.

அடுத்த முறை சபாவுக்கு நிருபரை அனுப்பினால் செப்பிலோக் மேடையோடு திருப்பி அழைத்துவிடாதீர்கள். கினாபாத்தாங்கான் ஆற்றில் படகில் போகச் சொல்லுங்கள். கரையோரத்து அத்தி மரம் ஒன்று பழுத்திருந்தால், அதில் எத்தனை வாய்கள் தின்றுகொண்டிருக்கின்றன என்று எண்ணி எழுதட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
கிள்ளான்