ஸ்கிம்மர் பொங்குவது பற்றி நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கடல்மீன் தொட்டித் தண்ணீரிலுள்ள அழுக்கை நுரையாக்கி மேலே ஒரு கப்பில் பிடிக்கும் கருவிதான் ஸ்கிம்மர். நம் கொளத்தூர் கடையில் வாங்கிய ஸ்கிம்மர் இரண்டாம் நாளே பொங்கி, அலமாரி முழுக்க உப்புத்தண்ணீர் ஆனதாக ஒரு வீடியோ வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. பழைய பீஸைத் துடைத்துப் புதுப் பெட்டியில் போட்டு விற்கிறோம் என்றும் கீழே எழுதியிருக்கிறார்கள். தண்ணீர் கொட்டியது உண்மை, வருத்தம்தான். ஆனால் பழைய பீஸ் என்ற சொல்லை எங்களால் பொறுக்க முடியவில்லை.

அந்த வீடியோவை நிறுத்திப் பாருங்கள். சம்ப்பில், அதாவது மீன் தொட்டிக்கு அடியில் இருக்கும் வடிகட்டும் தொட்டியில், ஸ்கிம்மர் நிற்கும் அறையில் தண்ணீர் 11 இன்ச் இருக்கிறது. பெட்டிக்குள் இருக்கும் தாளில் 7 முதல் 8½ இன்ச் என்றுதான் போட்டிருக்கிறது. வெளியே மட்டம் ஏறினால் உள்ளேயும் ஏறும். நுரை காயாமல் தண்ணியாகவே கழுத்தைத் தாண்டிக் கப்புக்குள் விழும். மட்டம் அதிகமென்றால் அடியில் ஸ்டாண்டு வைத்து உயர்த்துங்கள்.

புது ஸ்கிம்மர் ஒன்றிரண்டு வாரம் அடம்பிடிக்கத்தான் செய்யும். அக்ரிலிக்கில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பசை போய், உள்சுவரில் மெல்லிய படலம் படிந்த பிறகே நுரை ஒரு நிலைக்கு வரும். அதுவரை வெளியேற்று வால்வை முழுதாகத் திறந்து வைத்து, பிறகு தினம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வாருங்கள். பவளம் ஒட்டும் எபாக்சி, சில வாட்டர் கண்டிஷனர்கள், சோப்புக் கை, இவற்றில் எது பட்டாலும் பழகிய ஸ்கிம்மர்கூடப் பொங்கும். தீனி போட்டதும் நுரை அடங்குவது அதிலுள்ள எண்ணெயால். சில மணி நேரத்தில் சரியாகிவிடும்.

இன்னொன்று, நம் ஊர் கரண்ட். பல வீடுகளில் ஸ்கிம்மர் மட்டும் இன்வெர்ட்டரில் இருக்கிறது, தண்ணீரை மேல்தொட்டிக்கு ஏற்றும் ரிட்டர்ன் பம்ப் இல்லை. கரண்ட் போனதும் மேல்தொட்டித் தண்ணீர் சம்ப்புக்கு இறங்கி மட்டம் ஏறும். ஸ்கிம்மர் ஓடிக்கொண்டே இருந்தால் கொட்டாமல் என்ன செய்யும்? இரண்டையும் சேர்த்து மாட்டுங்கள், இல்லையென்றால் இரண்டையும் எடுத்துவிட்டு மேல்தொட்டியில் தண்ணீரைக் கலக்கிவிடும் வேவ்மேக்கரை மட்டும் இன்வெர்ட்டரில் விடுங்கள். மீனுக்கு அப்போது வேண்டியது ஆக்சிஜன்தான்.

வாங்குமுன் பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கை அப்படியே நம்பாதீர்கள். 400 லிட்டர் தொட்டியில் டேங் (tang) என்ற கடல்மீன்கள் வைத்து நாளுக்கு இருவேளை தீனி போடுகிறவர்கள் 800 லிட்டர் மாடலைப் பாருங்கள். இரண்டு கிளவுன் மீனும் மென்பவளமும் மட்டும் என்றால் 400, 500 போதும். அதற்குமேல் பெரிதாக வாங்கினால் அழுக்கு போதாமல் நுரை கழுத்து வரை ஏறாது. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் 60 ஹெர்ட்ஸ் ஏசி பம்ப், டிரான்ஸ்ஃபார்மர் போட்டாலும் நம் 50 ஹெர்ட்ஸில் மெதுவாகத்தான் சுற்றும்; காற்றைக் குறைவாகவே இழுக்கும்.

சரக்கு டாலரில் வருவதால் அடுத்த மாதம் விலை கொஞ்சம் கூடும். மாட்டித் தரும் தம்பி வேலையை விட்டுவிட்டதால் இப்போதைக்கு வீட்டுக்கு வந்து பொருத்தித் தர முடியாது.

வீடியோ பார்த்ததும் எங்களுக்கே போன் செய்து கேட்டவர்களுக்கும், குழுவில் எங்களுக்காகப் பேசியவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. அந்த வாடிக்கையாளரும் ஸ்கிம்மரைக் கொண்டு வரட்டும். கடைத் தொட்டியில் அவர் கண் முன்னால் ஓட்டிக் காட்டுகிறோம். புதிதாக வாங்க வருகிறவர்கள் சம்ப் அறையின் நீளம், அகலம், தண்ணீர் மட்டம், மேலே அலமாரிப் பலகை வரை உள்ள உயரம் நான்கையும் அளந்து வாருங்கள். கப்பைத் தூக்கிக் கழுவ மேலே 4 இன்ச்சாவது இடம் வேண்டும்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்