படித்துறைக் கழிப்பறையின் சாவி யாரிடம் இருக்கிறது?

தாமிரபரணிக் கரை ஊர்களின் சுற்றுலாவுக்கும் சுகாதாரத்துக்கும் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

பத்தமடையில் தொடங்கி பாபநாசம் வரை ஆற்றை ஒட்டி இருக்கும் ஊர்களைப் பற்றி உங்களுக்கு நான் அறிமுகம் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஊர்களின் படங்களைப் போட்டு, வாருங்கள் என்று எல்லோரையும் அழைப்பவர்களே நீங்கள்தான். படித்துறைகளில் பெண்களுக்குக் கழிப்பறையும் துணி மாற்ற ஒரு அறையும் வேண்டும் என்ற கோரிக்கையும் உங்களுக்குப் புதிதாக இருக்காது. நானே இரண்டு முறை மனு கொடுத்திருக்கிறேன். பதில் வரவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மா, பெரியம்மா, லீவுக்குச் சென்னையிலிருந்து வந்திருந்த அண்ணன் மகள், நான் என்று நாலு பேர் திருநெல்வேலியிலிருந்து பஸ் ஏறினோம். நான் பிறந்து வளர்ந்த பக்கத்தை அந்தப் பிள்ளைக்குச் சுற்றிக்காட்ட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. பெரியம்மாவுக்கு 68 வயது. சர்க்கரை உண்டு. காலையில் குடித்த காப்பியோடு சரி, பெரியம்மா தண்ணீர் பாட்டிலைத் தொடவே இல்லை. "வெயில் இப்படிக் கொளுத்துது, ஒரு வாய் குடிங்க பெரியம்மா" என்றேன். "போற இடத்துல ஒதுங்க வசதி இருக்கோ என்னவோ, வேண்டாம்ட்டி" என்றார்.

முதலில் பத்தமடையில் இறங்கினோம். ஒரு வீட்டில் பாய் நெய்வதைப் பார்க்க விட்டார்கள். கோரையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, நூல் மாதிரி மெலிசாகக் கிழித்து, பருத்திப் பாவில் ஒவ்வொன்றாகக் கோத்து நெய்கிற வேலை. நெய்து முடித்த பட்டுப்பாய் ஒன்றை அந்த வீட்டு அம்மா எடுத்து, சேலையை மடிப்பது போல மடித்துக் காட்டினார். அண்ணன் மகள் அதைத் தடவித் தடவிப் பார்த்தாள், பாய் என்று நம்பவே இல்லை. புவிசார் குறியீடு வாங்கிய பாய் என்பதை நான் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். கிளம்பும்போது அந்த அம்மா எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பெரியம்மா வாங்கினார். உதட்டில் பட்டும் படாமல் வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். வெயிலில் முகம் சிவந்து போயிருந்தது.

வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இது. திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிப்பது இந்தத் தண்ணீரைத்தான். அந்த ஆற்றங்கரையில் ஒரு வயதான பெண் தாகத்தோடு டம்ளரைத் திருப்பிக் கொடுக்கிறார் என்றால், அதற்கு யார் பொறுப்பு என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அடுத்து இறங்கிய ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் யாரோ ஒரு கடைநிலை ஊழியருக்குத் திட்டு விழும், அதோடு விஷயம் முடிந்துவிடும். நல்ல படித்துறை. இரண்டு பக்கமும் மருத மரம், கல்மண்டபம், தெளிந்த தண்ணீர். அம்மாவும் பெரியம்மாவும் சின்ன வயதில் குளித்த மாதிரியே பாவாடையை நெஞ்சுவரை ஏற்றிக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். கரையேறிய பிறகுதான் கஷ்டம். துணி மாற்ற அறை கிடையாது. நான் துண்டை விரித்துப் பிடித்துக்கொள்ள, பெரியம்மா மாற்றுப் பாவாடையைப் பல்லில் கடித்துக்கொண்டு ஈரத்தை உருவினார். மேல்படியில் நாலைந்து பையன்கள் ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்களை எடுக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் போன் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அண்ணன் மகள் கடைசிவரை தண்ணீரில் இறங்கவே இல்லை. "நான் குளிக்கல அத்தை" என்று காலை மட்டும் நனைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பதினைந்து வயசுப் பிள்ளையை நான் எப்படி வற்புறுத்துவது?

படித்துறைக்குப் பக்கத்திலேயே கழிப்பறை இருக்கிறது. 'பெண்கள்' என்று எழுதி, படம் வரைந்து, டைல்ஸ் ஒட்டி, திறப்பு விழாக் கல்வெட்டும் பதித்திருக்கிறார்கள். கதவில் பூட்டு. துருவைப் பார்த்தால் ரொம்ப நாளாகத் திறக்காத பூட்டு என்று தெரிகிறது. பூக்காரம்மாவிடம் கேட்டேன். சாவி ஒருவரிடம் இருக்கிறதாம், அவர் கல்யாண வீட்டுக்குப் போயிருக்கிறாராம். சரி என்று பஸ் நிலையத்துக்கு நடந்தோம். அங்கே திறந்துதான் இருந்தது. தண்ணீர் இல்லை, உள்ளே தாழ்ப்பாள் இல்லை. நான் வெளியிலிருந்து கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். உள்ளே போன வேகத்தில் பெரியம்மா வெளியே வந்துவிட்டார். "முடியாதுட்டி, காலு வைக்க முடியல" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது.

கடைசியில் டீக்கடை அக்கா ஒருவர்தான் எங்கள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, கடையை மகனிடம் விட்டுவிட்டுத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். பெரியம்மா வெளியே வந்ததும் சொம்பை வாங்கி நின்றபடியே இரண்டு டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்தார். அப்போது மணி இரண்டரை.

அதற்குமேல் எங்கும் போகவில்லை. திருப்புடைமருதூர் போவதாக இருந்தோம். நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள் நிலை நிலையாக இருக்கும் மரச்சிற்பங்களையும் சுவரோவியங்களையும் பார்க்க வேண்டும், ஆற்றங்கரை மரங்களில் அடையும் பறவைகளைப் பார்க்க வேண்டும். நாட்டிலேயே முதல் பறவைகள் பாதுகாப்புக் காப்பகமாக 2005-இல் அறிவிக்கப்பட்ட இடம் அது. அண்ணன் மகளுக்குக் கடையம் போக ஆசை. 1918-இல் கடலூர்ச் சிறையிலிருந்து விடுதலையாகி வந்த பாரதியார் சுமார் இரண்டு ஆண்டு இருந்த ஊர், செல்லம்மாள் பிறந்த ஊர் என்று பள்ளியில் படித்திருக்கிறாளாம். எதையும் பார்க்கவில்லை. கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்கவில்லை, காருகுறிச்சியில் பானை வாங்கவில்லை. அந்தந்த ஊர்க் கடைகளில் நாங்கள் செலவழித்திருக்கக்கூடிய பணமும் எங்களோடு திருநெல்வேலிக்கே திரும்பிவிட்டது. எங்களைப் போல எத்தனை குடும்பம் பாதியில் திரும்புகிறதோ, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

கல்லிடைக்குறிச்சிக் குலசேகரமுடையார் கோயிலில் 1982-இல் திருடுபோன நடராசர், ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு அருங்காட்சியகம் வரை போய்விட்டு, 2019-இல் ஊருக்குத் திரும்பி வந்தார். 37 வருடம். அந்தச் சிலை வந்த அன்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அழுததை நான் பார்த்திருக்கிறேன். அதற்காக உழைத்த அத்தனை பேருக்கும் கையெடுத்துக் கும்பிடு போடுகிறேன். கடல் கடந்து போன சாமியைக் கூட்டிவர முடிந்த நம்மால், ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் போட முடியாதா? 2018 அக்டோபரில் தாமிரபரணி புஷ்கரம் நடந்தபோது நான் குளித்த படித்துறையில் தகரம் அடித்த மறைப்பு அறை இருந்தது. கூட்டம் போனதும் தகரமும் போய்விட்டது. விழாவுக்கு வருகிறவர்களுக்கு உள்ள மானம் அந்த ஊரிலேயே தினமும் குளிக்கிற பெண்களுக்குக் கிடையாதா?

பேச ஆரம்பித்தால் எல்லாம் வருகிறது. பாபநாசத்தில் ஆற்றில் இறங்கினால் காலில் சேலையும் வேட்டியும் சுற்றிக்கொள்கிறது. பாவம் போகும் என்று யாரோ சொன்னதை நம்பி உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். அதைத் தடுக்க நிரந்தரமாக ஒரு ஆள் இல்லை. ஊர்ப் பெயரைப் பெரிய பெரிய எழுத்தில் செய்து, விளக்குப் போட்டு, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள வைப்பதற்கு மட்டும் எங்கிருந்தோ பணம் வருகிறது. பழைய அக்கிரகாரத்து வீடுகள் ஒவ்வொன்றாக இடிகின்றன. கல்மண்டபங்களில் பாட்டில் கிடக்கிறது. இதையெல்லாம் நினைத்தால் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

மன்னிக்க வேண்டும். கேட்க வந்தது ஒன்று, பேச்சு எங்கோ போய்விட்டது. நான் கேட்பது இவ்வளவுதான்: படித்துறை உள்ள ஒவ்வொரு ஊரிலும் பெண்களுக்கு ஒரு கழிப்பறை, ஒரு உடை மாற்றும் அறை. புதிதாகக் கட்டித்தான் ஆக வேண்டும் என்றில்லை, பல இடங்களில் கட்டடம் ஏற்கெனவே நிற்கிறது. அது விடிந்ததிலிருந்து இருட்டும்வரை திறந்திருக்க வேண்டும். தண்ணீர் வர வேண்டும், உள்தாழ்ப்பாள் இருக்க வேண்டும், நாப்கின் போட மூடி வைத்த கூடை இருக்க வேண்டும். வயதானவர்களுக்காக ஒன்றிலாவது உட்காரும் வகைக் கோப்பையும் பிடித்து எழக் கைப்பிடியும் வேண்டும். கழிவு எக்காரணம் கொண்டும் ஆற்றுக்குப் போகக் கூடாது. கரையிலிருந்து தள்ளித் தொட்டி கட்டுங்கள்.

அப்புறம், பராமரிக்கிறவர்களுக்கு மாதாமாதம் ஒழுங்காகச் சம்பளம் போக வேண்டும். சம்பளம் இல்லாமல் யார் வந்து கழுவுவார்கள்? அந்தந்த ஊர் மகளிர் குழுக்களிடம் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். 5 ரூபாயோ 10 ரூபாயோ கட்டணம் வைத்தால் தர நாங்கள் தயார். உள்ளூர்ப் பெண்களிடம் மட்டும் வாங்க வேண்டாம், அவர்களுக்குத் தினமும் வேண்டியிருக்கிறது. சாவி யாரிடம் இருக்கிறது, எந்த எண்ணில் கூப்பிட வேண்டும் என்று கதவிலேயே எழுதி வையுங்கள்.

ஆடி அமாவாசை வருகிறது. பெரியப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க எல்லோரும் அதே படித்துறைக்குத்தான் வருவோம். பெரியம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். முந்தின நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவேன், நீ கவலைப்படாதே என்கிறார். சர்க்கரைக்காரர் அப்படி இருக்கக் கூடாது என்று எவ்வளவு சொல்லியும் கேட்க மாட்டேன் என்கிறார். தயவுசெய்து அதற்குள் அந்தப் பூட்டை மட்டுமாவது திறந்து வையுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கல்லிடைக்குறிச்சியில் பிறந்து வளர்ந்த ஒரு பெண்