வாளியில் மிதக்கிற கல்

கிளிநொச்சி

அன்புள்ள தம்பிக்கு,

நீ கொடுத்துவிட்ட பார்சல் கிடைத்தது. அம்மாவுக்குச் சால்வை பிடித்திருக்கிறது. அடியில் பழைய சேட்டில் சுற்றி இரண்டு கல். கடதாசித் துண்டில் ‘லிப்பாரி’ என்று மட்டும் எழுதியிருந்தாய். வேறு ஒரு வரி இல்லை. இரண்டு மாதமாகக் கோலும் இல்லை. வேலை கூடவாக்கும். சரி.

பக்கத்து வீட்டுப் பிள்ளை போனில் தேடி வாசித்துக் காட்டினாள். லிப்பாரி, சிசிலிக்குப் பக்கத்தில் இருக்கிற எரிமலைத் தீவாம். வெள்ளை நுரைக்கல், கறுப்பு ஒப்சிடியன் என்கிற எரிமலைக் கண்ணாடி. வேறு வேறு மலையில் எடுத்தவை என்றுதான் முதலில் நினைத்தேன். ஒன்று பஞ்சுபோலப் பாரமில்லை. மற்றது உடைந்த போத்தல்போல மினுங்குகிறது, விளிம்பு என் பெருவிரலைக் கீறியும் விட்டது. ஆனால் இரண்டும் ஒரே சாதி எரிமலைக் குழம்பு, தம்பி. இரண்டிலும் 70 வீதத்துக்கு மேல் சிலிக்கா, அதனால் பாகுபோலத் தடிப்பு. அது மேலே வர அமுக்கம் சட்டென்று குறைந்து, உள்ளே அடைபட்ட நீராவி சோடாப் போத்தல் திறந்தமாதிரிப் பொங்கி, அந்த நுரையோடேயே இறுகினால் வெள்ளை. வாயு முதலே கசிந்துபோய், மிச்சம் மெல்ல வழிந்து, பளிங்கு கட்ட நேரமில்லாமல் இறுகினால் கறுப்பு. லிப்பாரியில் கறுப்பு கடைசியாக வழிந்தது 1220ஆம் ஆண்டளவிலாம். கல் என்றால் எங்களுடைய வன்னிக் கருங்கல்தான் எனக்குத் தெரியும். அது நிலத்துக்கு அடியில் ஆழத்தில் வெந்து உருமாறின கல், அதில் குமிழும் இல்லை, கண்ணாடியும் இல்லை.

இவ்வளவு வேலைக்குள்ளும் தீவுக்குப் போய்க் கல் பொறுக்கியிருக்கிறாய். எங்கள் வீட்டில் அந்தக் கண் உனக்குத்தான். அதோடு இரண்டு வரி எழுதியிருந்தால் என்ன?

எட்னா எரிமலைப் பக்கம் போகாதே. நீ இருக்கிற பலெர்மோவிலிருந்து தூரம் என்று தெரியும், இருந்தாலும் போகாதே. வேலை முடிந்து இரவில் தனியே நடக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு. அண்ணா ஏதோ சொன்னான். நான் துருவிக் கேட்கவில்லை. இராத்திரியில் தனியே நடக்காதே.

தம்பி, 2003இல் முல்லைத்தீவுக் கடற்கரையில் ஒரு சாம்பல் நிறக் கல் பொறுக்கி வந்தாய். ஆறாம் ஆண்டில் இருந்தாய். மிதப்பதும் தாழ்வதும் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எழும்பி நின்று, ‘கல்லும் மிதக்கும் சேர்’ என்றாய். இராமர் பாலக் கதை அளக்காதே என்று சொல்லிப் பிரம்பால் மூன்று அடி. வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது. நீ அழவில்லை. கல்லை என் மேசையில் வைத்துவிட்டுப் போய் இருந்தாய்.

அன்றிரவு நீ படுத்த பிறகு, கிணற்றடியில் வாளித் தண்ணீரில் அதைப் போட்டுப் பார்த்தேன். மிதந்தது. அமுக்கி விட்டேன், திரும்ப மேலே வந்தது. அடுத்த நாள் வகுப்பில் சொல்லியிருக்கலாம். உன்னிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கூரை வளையில் செருகி வைத்திருந்தேன், 2008இல் இடம்பெயர்ந்தபோது வீட்டோடு போய்விட்டது. அம்மாவுக்கும் இதுவரை தெரியாது. அதற்குப் பிறகு நீ வகுப்பில் கை உயர்த்தி நான் காணவில்லை.

வெள்ளைக் கல் நாலு நாளாக வாளியில் கிடக்கிறது. துளைகளுக்குள் தண்ணீர் ஊறினால் ஒருநாள் தாழுமாம். இன்று காலையும் பார்த்தேன், மிதக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கோல் எடு. அம்மாவிடம் கொடுக்காமல் நானே கதைக்கிறேன்.

அப்பா