பரிசல் தடை: பேருந்து நிலையத்திலேயே தெரியட்டும்

ஐயா,
ஒகேனக்கல்லில் நீர்வரத்து அதிகரித்ததால் பரிசல் இயக்கவும் அருவியில் குளிக்கவும் தடை விதிக்கப்பட்ட செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். தடை மிகச் சரியானது. பெருகிவரும் காவிரியோடு யாரும் விளையாடக் கூடாது. ஆனால், வெளியூர்ப் பயணிகள் பலருக்கும் தடை இருப்பது ஒகேனக்கல்லில் வந்து இறங்கிய பிறகுதான் தெரிகிறது. கர்நாடகத்தின் கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகளிலிருந்து திறக்கப்படும் நீர், மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் அளவிடப்பட்ட பின்னரே இங்கு வந்து சேர்கிறது. அப்படியிருக்க, பயணிகளுக்கு முன்கூட்டியே சொல்ல வழியில்லாமல் இல்லை. சென்ற ஆடி மாதம் விழுப்புரத்திலிருந்து கைக்குழந்தையும் வயதான மாமியாருமாக பஸ் மாறி மாறி வந்த என் அக்கா குடும்பத்தினர், தடுப்புக்கு வெளியே நின்று ஆற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அந்த முதியவரின் களைத்த முகம் இன்னும் என்னை வருத்துகிறது.

தருமபுரி, பென்னாகரம் பேருந்து நிலையங்களில் அன்றைய நீர்வரத்தையும், பரிசல் உண்டா இல்லையா என்பதையும் நாள்தோறும் காலையில் பெரிய பலகையில் எழுதி வைக்கலாம். தடை உள்ள நாட்களில் தீர்த்தமலை, அதியமான்கோட்டை காலபைரவர் கோவில் ஆகியவற்றுக்கான பஸ் நேரங்களையும் அதே பலகையில் சேர்க்க வேண்டும்.

- ஒரு வாசகர், பாலக்கோடு