எல்லோரும் எல்லை தாண்டி வந்தவர்கள் அல்லர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நியூயார்க்கில் ஸ்பானிய மொழி பேசுவோர் பற்றிய கட்டுரை, அத்தனை பேரையும் மெக்சிகோ எல்லையைத் தாண்டி வந்தவர்களாகவே காட்டிவிட்டது. அந்த நகரத்தில் கதையே வேறு. மெக்சிகோக்காரர்கள் அங்கே பெருமளவில் வந்தது 1980களுக்குப் பிறகுதான். அதிலும் பெரும்பாலோர் புவெப்லா பகுதிக்காரர்கள். அதற்கு நூறாண்டு முன்பே கியூபாவின் சுருட்டுத் தொழிலாளர்கள் அங்கே இருந்தார்கள். கியூப விடுதலைப் போராட்டத் தலைவர் ஹோசே மார்த்தி 1880 முதல் 1895 வரை பெரும்பாலும் அந்த நகரில்தான் வாழ்ந்தார்.

அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்ட கரீபியத் தீவான புவேர்ட்டோ ரிக்கோவின் மக்களை வெளிநாட்டுக் குடியேறிகள் என்று எழுதுவது பெரிய பிழை. 1917ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களை அமெரிக்கக் குடிமக்களாக்கிவிட்டது. விசா வேண்டாம், டிக்கெட் போதும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் தீவில் கரும்பு வேலை சுருங்க, தீவின் தலைநகர் சான் ஹுவானிலிருந்து விமானக் கட்டணமும் குறைய, நியூயார்க்கின் கிழக்கு ஹார்லமும் தெற்கு பிராங்ஸும் அவர்களால் நிரம்பின.

டொமினிக்கன் குடியரசில் சர்வாதிகாரி துருஹியோ இருந்தவரை சாதாரண ஆளுக்கு பாஸ்போர்ட் கிடைப்பதே அரிது. 1961இல் அவர் கொல்லப்பட்டார். 1965இல் உள்நாட்டுப் போர் மூண்டு அமெரிக்கப் படை இறங்கியது. கொந்தளிப்பைத் தணிக்க அமெரிக்கா விசாக்களைத் தாராளமாகக் கொடுத்தது. முதலில் போனவர் குடும்பத்தை அழைத்துக்கொள்ள, நியூயார்க்கின் வாஷிங்டன் ஹைட்ஸ் பகுதி அவர்கள் பேட்டையானது.

தென் அமெரிக்க நாடான எக்வடோரிலிருந்து வந்தவர்களை நுணுக்கமாகப் பார்க்க வேண்டும். அசுவாய், கன்யார் மாகாணங்களின் மலைக் கிராமங்களில் ஓலைத் தொப்பி பின்னுவதுதான் பிழைப்பு. உலகம் 'பனாமா தொப்பி' என்று வாங்கியது அதைத்தான். 1950களில் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. தொப்பி இறக்குமதி செய்தவர்கள் நியூயார்க்கில் இருந்ததால், அந்தத் தொடர்பைப் பிடித்தே முதல் ஆட்கள் புறப்பட்டார்கள். குவீன்ஸில் இன்று அவர்கள் அடர்ந்து வாழ்வதற்கு வேர் அங்கே இருக்கிறது.

மக்கள்தொகைக் கணக்கை எடுத்தாள்வதிலும் கவனம் தேவை. 'வெளிநாட்டில் பிறந்தோர்' பட்டியலில் புவேர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர்கள் வரமாட்டார்கள். ஹிஸ்பானிக், அதாவது ஸ்பானிய மொழி நாடுகளின் வழிவந்தவரா என்பது தனிக் கேள்வி. வீட்டில் பேசும் மொழி வேறு அட்டவணை. ஒன்றின் எண்ணை இன்னொன்றின் தலைப்பில் போட்டால், நகரில் வேரூன்றிய பழைய சமூகமே காணாமல் போகும்.

எல்லோருக்கும் ஸ்பானியம் தாய்மொழியும் அல்ல. மெக்சிகோவிலிருந்து வந்தவர்களில் மிஷ்டெக் என்ற பழங்குடி மொழி பேசுவோர் உண்டு; பிராங்ஸில் வாழும் ஹோண்டுராஸ்காரர்களில் கரிஃபுனா என்ற தனி மொழி பேசுவோர் உண்டு. மருத்துவமனையில் ஸ்பானிய மொழிபெயர்ப்பாளரை மட்டும் உட்கார வைத்தால், மருந்தின் அளவு பற்றிச் சொன்னது இம்மொழிகள் பேசும் ஒரு தாய்க்குப் பாதிதான் புரியும். இனி எழுதும்போது நாட்டின் பெயரோடு மாகாணத்தையும் காலத்தையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், குவீன்ஸ், நியூயார்க்