கதவைத் திறந்து வைத்திருந்த பெரியவருக்கு

அன்புள்ள ஜெரால்டு வில்லியம்ஸ் ஐயாவுக்கு,

நீங்கள் 2021இல் காலமாகிவிட்டீர்கள். உங்களை நான் நேரில் பார்த்ததில்லை. வடக்கு வேல்ஸின் மலைப்பக்கத்தில் இருக்கும் உங்கள் திராஸ்வனித் ஊருக்கும் வந்ததில்லை. இருந்தாலும் உங்களுக்கு நன்றி சொல்லியே ஆக வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் கிடக்கிறது. கவிஞர்கள் இறந்த பிறகு ஊரும் நாடும் அவர்களுக்கு என்ன செய்கின்றன என்று தேடிப் படிப்பவன் நான். சிலை வைக்கிறார்கள், கல் பதிக்கிறார்கள், நூற்றாண்டு விழா எடுக்கிறார்கள். நீங்கள் செய்தது வேறு. ஹெத் வின் என்ற வெல்ஷ் மொழிக் கவிஞரான உங்கள் மாமா வாழ்ந்த வீட்டின் கதவை, யார் வந்து தட்டினாலும் திறந்தீர்கள். அதை வாழ்நாள் முழுக்கச் செய்தீர்கள்.

கதை உங்களுக்குத் தெரியும். இந்தக் கடிதத்தைப் படிக்கப்போகும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தாய்மாமன் எல்லிஸ் ஹம்ப்ரி எவன்ஸ் 1887 ஜனவரி 13 அன்று பிறந்தார். பதினொரு பிள்ளைகளில் மூத்தவர். பதினான்கு வயதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. அப்புறம் அர் அஸ்குர்ன் என்ற குடும்பப் பண்ணையில் ஆடு மேய்த்துக்கொண்டே கவிதை எழுதினார். ஹெத் வின் என்பது கவிஞர்கள் கூட்டத்தில் அவருக்குச் சூட்டப்பட்ட பெயர். வேல்ஸில் மரபுக் கவிதைப் போட்டியில் வென்றவருக்கு நாற்காலி கொடுப்பார்கள். மரத்தில் செதுக்கிய, உட்காரக்கூடிய நிஜ நாற்காலி. பாலா என்ற ஊரில் 1907இல் முதல் நாற்காலியை வென்றார். அப்போது அவருக்கு 20 வயது. பிறகும் சிலவற்றை வென்றார். ஆனால் எல்லாக் கவிஞர்களும் ஏங்குவது ஆண்டுதோறும் நடக்கும் தேசியத் திருவிழாவான ஐஸ்டெத்வொட் தரும் நாற்காலிக்காக. 1916இல் அவருக்கு அதில் இரண்டாம் இடம்தான் கிடைத்தது.

1917இல் கட்டாய ராணுவ சேவை வீட்டு வாசலுக்கு வந்தது. பிள்ளைகளில் ஒருவர் போயாக வேண்டும் என்ற நிலை. தம்பி பாப் போக வேண்டாம் என்று அண்ணனே கிளம்பினார். ராயல் வெல்ஷ் ஃபியூசிலியர்ஸ் படையில் சேர்ந்து, லிவர்பூல் பக்கம் பயிற்சி எடுத்தார். இடையில் உழவு வேலைக்காகச் சில வாரங்கள் விடுப்பில் வீட்டுக்கு வந்தார். அப்போதும் அந்த ஆண்டு ஐஸ்டெத்வொட் போட்டிக்கான கவிதையைத்தான் எழுதிக்கொண்டிருந்தார். ஜூன் மாதம் பிரான்ஸ் போய், அங்கே அதை முடித்து, ஃப்ளர்-த-லீ என்ற புனைபெயரில் தபாலில் அனுப்பினார். ஜூலை 31 அன்று, பெல்ஜியத்தில் பாஸ்செண்டேல் போர் தொடங்கிய முதல் நாளே, பில்கெம் மேட்டில் குண்டடிபட்டு இறந்தார். வயது 30.

செப்டம்பர் 6 அன்று பர்க்கன்ஹெட் நகரில் ஐஸ்டெத்வொட். பிரதமர் லாயிட் ஜார்ஜும் வந்திருந்தார். வென்றவரின் புனைபெயரைச் சொல்லி எழுந்து நிற்கும்படி மூன்று முறை அழைத்தார்கள். யாரும் எழவில்லை. அந்தக் கவிஞர் போரில் இறந்துவிட்டார் என்று பிறகு அறிவித்தார்கள். வெற்று நாற்காலியின் மேல் கறுப்புத் துணி போர்த்தினார்கள். அந்த ஆண்டு விழாவை இன்றும் கறுப்பு நாற்காலி ஐஸ்டெத்வொட் என்றுதான் சொல்கிறார்கள்.

அந்த நாற்காலியைச் செய்தவரை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது. யூஜின் வான்ஃப்ளெட்டரென், பெல்ஜியத்தின் மெக்கலென் ஊர்த் தச்சர். 1914இல் ஜெர்மன் படை நுழைந்ததும் ஊரை விட்டு ஓடி, பர்க்கன்ஹெட்டில் தஞ்சம் புகுந்தவர். தனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு மொழியின் கவிஞனுக்காக வேல்ஸின் டிராகனையும் கெல்டிக் பின்னல்களையும் அத்தனை நுணுக்கமாகச் செதுக்கினார். அதில் உட்கார வேண்டியவர் அவருடைய நாட்டு மண்ணில் செத்துக் கிடந்தார். உங்கள் வீட்டுக்கு வந்தவர்களிடம் நாற்காலியைக் காட்டும்போது இந்த மனிதரையும் நினைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அந்த அவையில் மக்கள் அழுதது உண்மையான அழுகை. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. இளைஞர்களைக் கட்டாயப்படுத்திப் போர்முனைக்கு அனுப்பிய அரசின் தலைவரே மேடையில் இருக்க, அந்த நாற்காலி தியாகத்தின் சின்னமாகிவிட்டது. அன்றிலிருந்து ஹெத் வின் என்றால் முதலில் அவருடைய சாவு, அப்புறம்தான் கவிதை. நாற்காலியின் கதையைக் கேட்டவர்களில் எத்தனை பேர் வென்ற கவிதையைப் படித்திருப்பார்கள்? கங்ஹானெத் என்ற கடுமையான ஒலிக்கட்டுக்குள், மோனையும் உள் எதுகையும் வரிக்கு வரி இழைய, தன் மொழியின் பழைய யாப்பில் எழுதியவர் அவர். போரைப் பற்றி அவர் எழுதிய சின்னக் கவிதை ஒன்றுதான் இன்று பரவலாகத் தெரியும். பழைய யாழ்கள் தூரத்து வில்லோ மரக் கிளைகளில் தொங்குகின்றன, பையன்களின் இரத்தம் மழையோடு கலக்கிறது என்று வரும் கவிதை. அதில் வீரம் கொண்டாடப்படவே இல்லை.

இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் உங்கள் ஊர்க்காரர்கள். அதற்குச் சாட்சி 1923இல் திராஸ்வனித்தில் வைத்த சிலை. சிற்பி மெரிஃபீல்டு செய்தது. திறந்து வைத்தவர் உங்கள் பாட்டி மேரி. முதல் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டன் முழுக்க எத்தனையோ ஊர்களில் துப்பாக்கி ஏந்திய சிப்பாய்ச் சிலைகள் எழுந்தன. உங்கள் ஊரில் நிற்பது ஆடு மேய்ப்பவர். சீருடை போட்டது கடைசிச் சில மாதங்கள் மட்டுமே. அந்த மாதங்களை அவர் வாழ்க்கை முழுவதற்கும் அடையாளமாக்க மறுத்துவிட்டார்கள். சிலையின் கீழே இருக்கும் நான்கு வரிகளும் அவர் எழுதியவையே. போரில் இறந்த ஒரு நண்பருக்காக எழுதிய இரங்கல் கவிதை அது: அவன் தியாகம் மறைந்துபோகாது, அந்த அன்பு முகம் மறக்காது, ஜெர்மனி தன் இரும்பு முஷ்டியை அவன் இரத்தத்தில் தோய்த்திருந்தாலும். நண்பனுக்காக எழுதியது கடைசியில் எழுதியவருக்கே பொருந்திப்போனது. பெற்ற பிள்ளையின் சிலையைத் திறந்துவிட்டு அந்த வரிகளைப் படிக்க உங்கள் பாட்டிக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும்!

கல்லறை பெல்ஜியத்தில், ஈப்பர் அருகே பூசிங்கவில் இருக்கும் ஆர்ட்டிலரி வுட் மயானத்தில். எல்லாப் படைவீரர்களுக்கும் ஒரே மாதிரியான வெள்ளைக் கல். அவருடையதில் மட்டும் தலைமைக் கவிஞர் ஹெத் வின் என்று வெல்ஷில் பொறித்திருக்கிறார்கள். கேட்டு வாங்கிய வரி அது. அதே நாளில் இறந்த ஐரிஷ் கவிஞர் ஃபிரான்சிஸ் லெட்விட்ஜும் அதே மயானத்தில்தான் கிடக்கிறார்.

சரி, உங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

மாமாவை நீங்கள் பார்த்ததே இல்லை. அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு பிறந்தவர் நீங்கள். கதவைத் திறந்தே வைத்திருக்க வேண்டும் என்று பாட்டிக்கு வாக்குக் கொடுத்தீர்கள். கேட்பதற்கு எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் மலைப்பண்ணை விவசாயி. ஆடு குட்டி போடும் காலத்தில் இரவும் பகலும் தூக்கம் இருக்காது. மழையில் நனைந்து வீட்டுக்குள் நுழையும்போது வாசலில் முன்பின் தெரியாத ஒரு குடும்பம் நிற்கும். முகம் சுளிக்காமல் கூப்பிட்டு உள்ளே கூட்டிப்போய், நாற்காலியைக் காட்டி, நூறாவது முறையாகவும் முதல் முறை சொல்வதுபோலச் சொல்ல வேண்டும். 1992இல் ஹெத் வின் பெயரிலேயே வந்த படம் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் வெல்ஷ் மொழிப் படமானது. அதற்குப் பிறகு உங்களுக்கு ஓய்வு இருந்திருக்குமா என்றே தெரியவில்லை. நினைவுச் சின்னம் என்றால் கட்டி முடித்துவிட்டுப் போகிற ஒன்று என்று நினைத்திருந்தேன். அது அன்றாட வேலை என்று எனக்குக் காட்டியவர் நீங்கள்தான்.

நான் உங்களை இன்னும் அதிகமாக மதிப்பது 2012இல் நீங்கள் எடுத்த முடிவுக்காக. வீட்டையும் பண்ணையையும் ஸ்னோடோனியா தேசியப் பூங்கா நிர்வாகத்திடம் ஒப்படைத்தீர்கள். குடும்பச் சொத்தைக் கைமாற்றுவதா என்று கேட்பவர்கள் எங்கும் இருப்பார்கள். எனக்கு அது வாக்கை மீறியதாகப் படவில்லை. உங்களுக்குப் பிறகும் அந்தக் கதவைத் திறக்க யாராவது வேண்டுமே. எத்தனையோ எழுத்தாளர்களின் வீடுகள் வாரிசுகளுக்குள் இழுபறியாகி, பூட்டிக் கிடந்து, ஒருநாள் இடிந்தே போகின்றன. நீங்கள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. பழுது பார்த்து, கறுப்பு நாற்காலியையும் சீராக்கி, அவர் இறந்து நூறு ஆண்டுகள் ஆன 2017இல் வீட்டை மறுபடி திறந்தார்கள். இன்று உள்ளே போக டிக்கெட் வாங்க வேண்டும். நீங்களே வந்து கதவைத் திறந்த காலத்தோடு ஒப்பிட்டால் அது ஓர் இழப்புதான். ஆனாலும் அதே சமையலறை, அதே அடுப்பு, அதே கூரை. வெளியேதான் நிறைய மாறிவிட்டது. மின்சாரத்துக்காக 1920களில் தேக்கிய ஏரியும், 1991இல் ஓட்டத்தை நிறுத்திய அணுமின் நிலையமும் பள்ளத்தாக்கில் இருக்கின்றன. அவர் பார்க்காத காட்சிகள்.

அந்த வீட்டை நீங்கள் காப்பாற்றியதால் இன்னொன்றும் தப்பியது. கறுப்பு நாற்காலியை மட்டும் எடுத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து ஏதாவது பெரிய அருங்காட்சியகத்தில் நிறுத்தியிருந்தால் ஹெத் வின் வெறும் சாவுக் கதையாகவே மிஞ்சியிருப்பார். உங்கள் வீட்டில் அவர் அதற்கு முன்பு வென்ற நாற்காலிகளும் இருக்கின்றன. புனைபெயரைக் கூப்பிட்டதும் கூட்டத்துக்கு நடுவே எழுந்து நின்று, கைதட்டல் கேட்டு, அவர் உயிரோடு வாங்கியவை.

என்றாவது வேல்ஸ் வர வாய்த்தால் அவற்றைத்தான் முதலில் காட்டச் சொல்லிக் கேட்பேன். கறுப்பு நாற்காலியை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்.

உங்களுக்கும் உங்கள் பாட்டிக்கும் என் வணக்கம்.

அன்புடன்,
தமிழில் கவிதை படிக்கும் ஒருவன்