கதவைத் திறக்காதே, ஹோயோ

மினியாபொலிஸ்
டிசம்பர் 2025

என் ஹோயோவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அம்மா என்ற அந்தச் சொல்லாலேயே பிள்ளையையும் அழைப்பவர்கள் சோமாலித் தாய்மார்கள், நீ எவ்வளவு வளர்ந்தாலும் எனக்கு ஹோயோதான். பாஸ்போர்ட் உன் உடம்போடு இருக்கிறதா? காரில் இருக்கிறது, அலுவலக மேசையில் இருக்கிறது என்ற கதையெல்லாம் வேண்டாம். சட்டைப்பையில் இருக்க வேண்டும். என்னுடையதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டியிருக்கிறேன். ஒளுச் செய்யும்போது மட்டும் கழற்றுகிறேன். மற்றபடி தூக்கத்திலும் அது நெஞ்சின் மேல்தான் கிடக்கிறது. குடியுரிமை வாங்கிய அன்று நீ எடுத்த படத்தில், சின்னக் கொடியைப் பிடித்துக்கொண்டு பல் தெரியச் சிரிக்கிறாளே ஒருத்தி, அவள் இப்போது பால் வாங்கக் கீழே இறங்குவதற்கும் சான்று கொண்டுபோகிறாள்.

நான்கு முறை அழைத்திருக்கிறாய். எனக்குச் சளி, தொண்டை கட்டியிருக்கிறது என்று உன் தங்கை சொல்லியிருப்பாள். அவளைத் திட்டாதே, நான் சொல்லச் சொன்னதைத்தான் சொன்னாள். தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது.

குரலைப் பதிவு செய்து அனுப்பியிருக்கலாமே என்பாய். கென்யாவின் இஃபோ அகதி முகாமிலிருந்து உன் தாத்தாவுக்குக் கேசட்டில் பேசி அனுப்பியவள்தான் நான். ஒரு பக்கம் முழுக்க அழுகை, மறுபக்கம் யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்ற கணக்கு. ஆனால் 2016-ல், ஐ.எஸ். கூட்டத்தில் சேரப் பார்த்தார்கள் என்று அந்த மூன்று சோமாலிப் பையன்களின் விசாரணை நடந்தபோது ஒரு நாள் நீதிமன்றத்துக்குப் போய் உட்கார்ந்தேன். கூட்டாளியே மறைவாகப் பதிவு செய்த பேச்சைப் போட்டார்கள். நம் கூடத்தில் நீயும் உன் சிநேகிதர்களும் பேசுவதைப் போலவே இருந்தது. நடுநடுவே அதே அசட்டுச் சிரிப்பு. அன்றிலிருந்து பதிவான குரல் என்றாலே எனக்குப் பயம். காகிதம் போதும். எழுத்து கோணலாக இருக்கிறது என்று சிரிக்காதே. 1974-ல் பள்ளிக்கூடங்களை மூடி எங்களை நாட்டுப்புறத்துக்கு அனுப்பினார்களே, அப்போது ஒட்டகம் மேய்க்கிறவர்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்த கை இது. எனக்கு அன்று வயது பதினைந்து.

இங்கே குளிர் கொல்கிறது. ஒரு லிஃப்ட் மறுபடியும் பழுது. உனக்குக் கம்பளிக் காலுறை மூன்று ஜோடி வாங்கி வைத்திருக்கிறேன். கொலம்பஸில் இவ்வளவு குளிர் இல்லை என்று சொல்லாதே, ஓஹாயோ என்ன மொகதிஷுவா?

சீடர் அவென்யூவில் குடியேற்றத் துறைக்காரர்கள் முகமூடி போட்டுக்கொண்டு நின்றார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்த இருபது வயதுப் பையனைப் பிடித்தார்கள். குடிமகன், குடிமகன் என்று அவன் கத்தியும் கொண்டுபோய், பிறகு விட்டார்கள். நாட்டின் தலைவரே சோமாலிகள் நம்மைக் குப்பை என்று சொன்ன பிறகு கீழே இருப்பவன் பொறுக்கத்தானே வருவான். யார் தட்டினாலும் கதவைத் திறக்காதே. நீதிபதி கையெழுத்துப் போட்ட தாள் இருந்தால் கதவுக்கு அடியில் தள்ளச் சொல். பணிவாகப் பேசினால் இன்னும் திறக்காதே.

நம்மவர்களைப் போலீஸ் வேவு பார்த்ததைப் பற்றிய உன் கட்டுரையைப் படித்தேன். உன் தங்கை ஒரு முறை வாசித்துக் காட்டினாள், பிறகு நானே கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தேன். கார்மல் மாலில் சம்பூசாக் கடைக்காரி அதைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறாள். உன் மகனா என்று நான்கு பேர் கேட்டார்கள். ஆமாம் என்றேன். இரண்டு சம்பூசாவுக்குக் காசு வாங்கவில்லை. வான்கோழித் தொழிற்சாலையில் கை மரத்துப்போக நின்ற காலத்தில் இதைத்தான் நினைத்துக்கொண்டு நின்றேன், என் மகன் ஒரு நாள் எழுதுவான், ஊர் படிக்கும் என்று.

ஆனால் கோபமும் வந்தது. 2014-ல் பாஸ்டன், லாஸ் ஏஞ்சலஸ், மினியாபொலிஸ் என்று மூன்று ஊர்களைத் தேர்ந்தெடுத்துத் தீவிரவாதத் தடுப்புத் திட்டம் கொண்டுவந்தார்களே, அதில் சேர்ந்தவர்களையெல்லாம் விலைபோனவர்கள் என்று எழுதியிருக்கிறாய். பிள்ளைகளுக்கு விளையாட இடம் கொடுங்கள், வீட்டுப்பாடம் சொல்லித்தர ஆள் கொடுங்கள் என்று நாங்கள் எத்தனை கூட்டத்தில் கேட்டோம் தெரியுமா? பிள்ளைகள் என்று கேட்டபோது பணம் இல்லை. பயங்கரவாதம் என்றதும் இருந்தது. அதை வாங்கியவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் இல்லை, வேண்டாம் என்றவர்கள் எல்லோரும் மகான்களும் இல்லை. 2017-ல் கிட்டத்தட்ட 5 லட்சம் டாலரைத் தொடமாட்டோம் என்று திருப்பிய நம் பையன்களுக்கு ஒரு வரி எழுதியிருக்கலாமே? வைவதற்கு மட்டும் இவ்வளவு இடமா?

போனவர்களைப் பற்றியும் நீ எழுதவில்லை. 2007-க்கும் 2009-க்கும் நடுவில் இந்த ஊரிலிருந்து இருபதுக்கு மேல் பையன்கள் சோமாலியாவில் சண்டை போடும் அல்-ஷபாப் கூட்டத்துக்குப் போனார்கள். 2008 அக்டோபரில் சோமாலியாவின் வடக்கே வண்டியோடு வெடித்தவன் இங்கே பள்ளிக்கூடம் படித்தவன். அந்தத் தாய்மார்கள் என்னோடு ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போனவர்கள். இல்லாத பேயைப் போலீஸ் உருவாக்கியது என்று நீ எழுதினால் அவர்கள் எங்கே போய் அழுவார்கள்? பேய் இருந்தது. அதைத் தேடுகிறேன் என்று வீட்டுக்கு வீடு வந்ததுதான் வேறு கதை.

குழந்தைகள் சாப்பாட்டு வழக்கைப் பற்றி என்னிடம் பேசாதே. 25 கோடி டாலர் மோசடி. கொரோனா காலத்தில் நம்மவர்கள் பலர் பசித்த பிள்ளைகளின் பெயரில் வீடும் காரும் வாங்கினார்கள். போதாததற்கு நீதிமன்றத்தில் ஜூரியாக உட்கார்ந்த பெண்ணின் வீட்டுக்குப் பரிசுப் பையில் 1,20,000 டாலர்! படித்தபோது முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். தலைமை தாங்கியவள் வெள்ளைக்காரி, அவள்மீதும் குற்றம் உறுதியானது. அவளுக்காக எந்த வெள்ளைக்காரக் கிழவியும் கழுத்தில் பாஸ்போர்ட் மாட்டிக்கொள்ளவில்லை. இவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும்.

கதவைத் திறக்காதே என்று சொன்னேன் அல்லவா? மறக்காதே.

நீ சின்னவனாக இருந்தபோது, மூத்த மாமா ஏன் வானொலிப் பெட்டியைத் தொடுவதே இல்லை என்று கேட்பாய். நானும் ஏதோ சொல்லி மழுப்புவேன். சோமாலியாவைச் சர்வாதிகாரி சியாத் பர்ரே ஆண்ட காலத்தில், எத்தியோப்பியாவிலிருந்து வந்த எதிர்ப்பு வானொலியைப் போர்வைக்குள் வைத்துக் கேட்டான் என்று அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். காட்டிக்கொடுத்தது யாரோ பச்சைச் சீருடைக்காரன் இல்லை. தினமும் நம் வீட்டில் சர்க்கரை கடன் வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரி. பதினான்கு மாதம் கழித்து அவன் திரும்பினான். அவள் வீட்டு வாசலைக் கடக்கும்போதெல்லாம் உன் பாட்டி காறித் துப்புவாள். நானும் துப்பியிருக்கிறேன். நாடு உடைந்து ஓடியபோது ஒரே லாரியில் அவளும் ஏறினாள், அப்போதும் யாரும் அவளுக்கு நகர்ந்து இடம் கொடுக்கவில்லை.

ஹோயோ, உன் கட்டுரையில் ஆறாம் மாடி நெட்டையனின் கதையை எழுதியிருக்கிறாய். பெயர் போடவில்லை, ஆனால் இந்தக் கட்டடத்தில் யாருக்குத் தெரியாது? விமான நிலையத்தில் ஒவ்வொரு முறையும் தனியறை. விமான நிலையத்தில் கிடைத்த வேலையும் அடையாள அட்டை வராமல் போனது. நைரோபியில் பாட்டி இறந்தபோதுகூடப் போகவில்லை. யாரோ நம்மில் ஒருவர் அவனைக் காட்டிக்கொடுத்தார் என்று எழுதினாய். சரி. பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்த, அதிகாரிகளின் கூட்டங்களில் முன் வரிசையில் உட்கார்ந்த பெரியவர் என்றும் ஒரு வார்த்தை சேர்த்தாயே, அது யார் என்றும் எல்லோருக்கும் தெரியும். இப்போது தேநீர்க் கடையில் அவருக்கு இருபுறமும் நாற்காலி காலியாக இருக்கிறது. எண்பது வயது மனிதர். சலாம் சொல்கிறார், பாதிப் பேர் போனைப் பார்க்கிறார்கள்.

காட்டிக்கொடுத்தது அவர் இல்லை.

2009 பிப்ரவரி. நீ கல்லூரிக்குப் போயிருந்தாய். விசாரணை அதிகாரிகள் இரண்டு பேர் வந்தார்கள், ஒருவர் நரைத்தவர், ஒருவன் உன்னைவிட நான்கைந்து வயது மூத்தவன். நான் சொல்லாமலே வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். அதிலேயே பாதி விழுந்துவிட்டேன். ஏலக்காய், பட்டை எல்லாம் போட்டுத் தேநீர் வைத்தேன். நன்றாக இருக்கிறது என்று நரைத்தவர் இரண்டாவது கோப்பை கேட்டார். உன்னைப் பற்றிக் கேட்டார்கள். எந்தப் பள்ளிவாசல், யாரோடு போகிறான், ஊருக்குப் பணம் அனுப்புகிறானா, அறையைப் பூட்டிக்கொள்கிறானா என்று. அந்த நேரம் பார்த்து நீ போன் செய்தாய். ஹோயோ, வர நேரமாகுமா என்றேன். அந்த இளைஞன் குனிந்து எழுதினான். எட்டிப் பார்த்தேன். உன் பெயருக்கு எதிரே, உன் இன்னொரு பெயர் என்று நினைத்து, ஹோயோ என்று எழுதியிருந்தான். எழுதி அடிக்கோடும் போட்டான்.

இன்று சிரிப்பாக இருக்கிறது. அன்று எனக்குக் கை நடுங்கியது. மாமாவைக் கொண்டுபோன வண்டி கண் முன்னால் நின்றது. என் மகன் அப்படிப்பட்டவன் இல்லை என்றேன். அதோடு வாயை மூடியிருக்க வேண்டும். ஆறாம் மாடி நெட்டையன்தான் இப்போதெல்லாம் இரவில் வெகுநேரம் பள்ளிவாசலில் இருக்கிறான், யாரோடும் பேசுவதில்லை என்று சொன்னேன். அவர்கள் அவனைப் பற்றிக் கேட்கவே இல்லை. நானாகச் சொன்னேன். எந்தக் கதவு எண் என்று கேட்டார்கள், அதையும் சொன்னேன்.

அவன் அப்பா இறந்து நாற்பது நாள்கூட ஆகியிருக்கவில்லை. அதற்காகத்தான் அந்தப் பிள்ளை அங்கே உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தான். எனக்குத் தெரியும், அந்த மய்யித்து வீட்டுக்குச் சோறு சமைத்துக் கொண்டுபோனவளே நான்தான். அதை அவர்களிடம் சொல்லவில்லை.

என் பேச்சினால்தான் எல்லாம் நடந்ததா, இல்லையென்றாலும் நடந்திருக்குமா என்று யாரைக் கேட்பது? அவர்கள் தாள்களில் என்ன இருக்கிறது என்று நமக்கு யார் காட்டப்போகிறார்கள்? உனக்காகத்தான் செய்தேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அந்தச் சர்க்கரைக்காரிக்கும் இரண்டு மகன்கள் இருந்தார்கள். அவள் எதற்காகச் செய்தாள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

நெட்டையன் இப்போது டிரக் ஓட்டுகிறான், உனக்குத் தெரியும். ஊரில் இருந்தால் என் அரிசி மூட்டையை அவன்தான் மேலே கொண்டுவந்து வைக்கிறான். போன வாரம் லிஃப்ட் ஓடாமல் பதினேழு மாடியும் தோளில் சுமந்தான். தேநீர் வைக்கட்டுமா என்றேன். உங்கள் தேநீர் மாதிரி வராது, ஹபர்யர் என்று, சொந்தச் சித்தியை அழைப்பதுபோல் சொன்னான். நான் அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன். அவன் அம்மாவோடு பதினெட்டு வருடமாக ஒரே சீட்டுக் குழுவில் இருக்கிறேன். இந்த மாதம் எடுப்பது என் முறை, என் முறையை அவளுக்கு விட்டுக்கொடுத்தேன். ஏன் என்று கேட்டாள். பல் வலி, பணத்தை எண்ண முடியாது என்று ஏதோ உளறினேன்.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். அந்தப் பெரியவரைப் பற்றி எழுதியதைத் திருத்து. எழுதத் தெரிந்தவனுக்குத் திருத்தத் தெரியாதா? என் பெயரைப் போட வேண்டும் என்றால் போடு. சம்பூசாக் கடைக்காரி அதையும் அச்செடுத்து ஒட்டட்டும், நான் காசு கொடுத்து வாங்கித் தின்றுகொள்கிறேன்.

இதைத் தபாலில் போட்டுவிட்டுத்தான் ஆறாம் மாடிக்குப் போவேன். முதலில் அங்கே போனால், நெட்டையனின் அம்மாவை எனக்குத் தெரியும், அழுது என்னைக் கட்டிக்கொள்வாள். அப்புறம் உனக்கு எழுத வேண்டாம் என்று தோன்றிவிடும். கட்டிக்கொள்ளாமலும் போகலாம். அப்போதும் எழுத மாட்டேன்.

காலுறைகளைத் தனிப் பார்சலில் அனுப்புகிறேன், பழுப்பு நிறம் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அழை, எடுக்கிறேன். போனில் இதைப் பற்றி ஒன்றும் பேசாதே, காலுறை வந்ததா என்று மட்டும் பேசுவோம். பாஸ்போர்ட்டை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்பேன்.

உன்
ஹோயோ